சுழல்கள் உறையும் இடம்

மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள், நோயாளி யாரும் இல்லாத நள்ளிரவிலும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிறுவிய நாளில் ஏற்றிவிட்ட மின்னோட்டம், வெளியிலிருந்து ஊட்டம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. நியோபியம்-டைட்டேனியம் கம்பி, திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வின் குளிரில் மின்தடையை முற்றாக இழந்துவிடுகிறது என்று பாடப்புத்தகம் இதற்கு விளக்கம் தரும். சரியான விளக்கம்தான், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. அந்தச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலம் சுருளின் கம்பிக்குள்ளேயும் நுழைந்திருக்கிறது. புலம் 1.5 டெஸ்லா என்றால், அதற்குக் குறுக்கே ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பை ஏறத்தாழ 72 கோடி காந்த இழைகள் துளைத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மின்சுழல். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இத்தனையையும் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. அவை நகர ஆரம்பித்தால் மின்தடை திரும்பிவிடும்.

ஆகவே, குளிரில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையின்றி ஓடத் தயாராகிவிட்டன என்பதற்காக மட்டும் ஒரு கம்பி மின்தடையை இழந்துவிடாது. அதற்குள் புகுந்த சுழல்களும் உறைந்து கிடக்க வேண்டும். உறைவது, உருகுவது என்று இங்கே சொல்வது வெறும் அணி அல்ல. அணுக்களின் கூட்டம் பனிக்கட்டியாகவும் நீராகவும் கண்ணாடியாகவும் ஆவதுபோல, இந்தச் சுழல்களின் கூட்டமும் படிகமாகிறது, உருகுகிறது, கண்ணாடியாகிறது. இயற்பியலாளர்கள் இதைச் 'சுழல் பருப்பொருள்' என்கிறார்கள். எடை போட்டுப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அது உருகும்போது உள்ளுறை வெப்பம் கேட்கிறது.

1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் ஹைகே காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் மீக்கடத்தலை, அதாவது மின்தடை முற்றாக மறைவதை, கண்டுபிடித்ததும், அவருடைய மனம் காந்தத்தின் பக்கம்தான் போனது. மின்தடை இல்லாத கம்பியில் சுருள் செய்தால் 10 டெஸ்லா புலம்கூடச் சாத்தியம் என்று கணக்குப் போட்டார். ஆனால் அவர் செய்து பார்த்த ஈயச் சுருள் சில நூறு காஸ் புலத்திலேயே மீக்கடத்தலை இழந்தது. ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ். காரணம் 1933-இல் பெர்லினில் துலங்கியது. மீக்கடத்தி தன் உடலிலிருந்து காந்தப் புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்று மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் காட்டினார்கள். தள்ளுவதற்கு ஆற்றல் செலவாகும். புலம் கூடக்கூடச் செலவும் கூடி, ஒரு கட்டத்தில் மீக்கடத்தல் நிலையே கட்டுப்படியாகாமல் போகிறது.

உலோகக் கலவைகள் மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்கவில்லை. அவற்றுக்குள் புலம் சீக்கிரமே நுழைந்தது. நுழைந்த பிறகும் மீக்கடத்தல் சாகவில்லை. கலவை என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் ஓட்டைகள் உள்ள பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று என்று அக்காலத்துப் பெரும்பாலோர் ஒதுக்கிவிட்டார்கள். உக்ரைனின் கார்கிவ் நகரில் லெவ் ஷுப்னிகாவ் ஒதுக்கவில்லை. ஈயத்தோடு தாலியம் கலந்து, குறையில்லாத ஒற்றைப் படிகங்களாக வளர்த்து, மிகக் கவனமாக அளந்தார். தூய படிகத்திலும் அதே நடத்தை. அப்படியென்றால் அழுக்கு காரணமில்லை, இது வேறொரு வகை மீக்கடத்தி. அந்த முடிவுகள் வெளிவந்த கையோடு, 1937-இல் ஸ்டாலின் ஆட்சியின் காவலர்கள் அவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். வயது 36. அவர் கண்ட நிலைக்கு இன்று 'ஷுப்னிகாவ் நிலை' என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயர் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

கோட்பாடு மாஸ்கோவிலிருந்து வந்தது. 1950-இல் கின்ஸ்பர்க்கும் லாண்டாவும் எழுதிய சமன்பாடுகளில் ஓர் எண் இருக்கிறது. காந்தப் புலம் மீக்கடத்திக்குள் எவ்வளவு ஆழம் கசியும் என்பதையும், மீக்கடத்தல் எவ்வளவு குறுகிய தூரத்தில் எழுந்து அடங்கும் என்பதையும் ஒப்பிடும் விகிதம் அது. விகிதம் 0.71-க்குக் குறைவாக இருந்தால் முதல் வகை. கூடுதலாக இருந்தால், மீக்கடத்தும் பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் இடையிலுள்ள எல்லையின் ஆற்றல் எதிர்க்குறி பெற்றுவிடும். அதாவது எல்லை அதிகமாக அதிகமாகப் பொருளுக்கு லாபம். அந்தப் பக்கம் ஆர்வத்துக்குரியதில்லை என்று அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். லாண்டாவின் இளைய சகா அலெக்சி அப்ரிகோசாவ் அங்கேதான் தோண்டினார். எல்லையை அதிகமாக்குவதற்கு எளிய வழி, புலத்தை இயன்ற அளவு மெல்லிய இழைகளாகப் பிரித்து உள்ளே விடுவது. ஒவ்வோர் இழையின் நடுவிலும் சில நானோமீட்டர் அகலத்துக்கு மீக்கடத்தல் இருக்காது. அதைச் சுற்றி மின்னோட்டம் வட்டமிடும். மையத்தில் உச்சத்தில் இருக்கும் புலம் நூறு, இருநூறு நானோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். 1953-லேயே இதைக் கணக்கிட்டுவிட்டதாகவும், லாண்டா ஏற்காததால் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டதாகவும் அப்ரிகோசாவ் பின்னாளில் சொன்னார். சுழலும் திரவ ஹீலியத்தில் இதேபோன்ற சுழல்கள் உண்டு என்று அமெரிக்காவில் ஃபைன்மன் எழுதிய பிறகே கதவு திறந்தது. கட்டுரை 1957-இல் வெளியானது. நோபல் பரிசுக்கு அவர் 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுழல்கள் ஒன்றையொன்று விலக்கும். எனவே தம்மைச் சீரான இடைவெளியில் அடுக்கிக்கொள்ளும் என்று அப்ரிகோசாவ் சரியாகவே கண்டார். ஆனால் அந்த அடுக்கு சதுரக் கட்டம் என்று எழுதியிருந்தார். 1964-இல் கிளைனர், ராத், ஆட்லர் மூவரும் கணக்கைத் திரும்பப் போட்டபோது முக்கோண அடுக்கே ஆற்றல் குறைந்தது என்று வந்தது. வித்தியாசம் சுமார் இரண்டு சதவீதம். அவ்வளவு சிறிய வித்தியாசம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் படிகம் எவ்வளவு இளகியது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

ஒவ்வொரு சுழலும் தாங்கும் காந்தப் பாயம் ஒரே அளவு. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் 2.07×10⁻¹⁵ வெபர். இந்த அளவு 1961-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக அளந்து உறுதிசெய்யப்பட்டது. படிகத்தை நேரில் காட்டிய முதல் சான்று 1964-இல் பிரான்சின் சக்லே அணு ஆய்வு மையத்திலிருந்து வந்தது. நியோபியத்தின் மீது நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, சுழல் அடுக்கிலிருந்து சிதறிவரும் நியூட்ரான்களைப் பிடித்தார்கள். அந்தக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர் இந்தியரான மாதவ ராவ். மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்டுட்கார்ட்டில் எஸ்மனும் டிரொய்பிளும் இன்னும் நேரடியான வழியில் இறங்கினார்கள். ஈயம்-இந்தியம் கலவையின் மேல் மிக நுண்ணிய காந்த உலோகத் துகள்களைத் தூவினார்கள். துகள்கள் சுழல்கள் வெளிவரும் முனைகளில் போய் ஒட்டின. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தில் அறுகோணக் கட்டம் அப்படியே தெரிந்தது. ஆனால் அது வாசலில் போட்ட புள்ளிக் கோலம்போல் பிசகே இல்லாதது அல்ல; வரிசை விலகிய இடங்களும் படத்தில் இருந்தன. பின்னால் நடந்த கதை முழுக்க அந்தப் பிசகுகளைப் பற்றியது.

ஆய்வாளர்கள் இந்தப் பொருளை விரும்புவதற்கு ஒரு காரணம், இதன் அடர்த்தியைத் திருகு ஒன்றைத் திருப்பி மாற்றிவிடலாம் என்பது. சாதாரணப் படிகத்தின் அணுக்களைச் சிறிதே நெருக்கிவைக்க இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்க வேண்டும். இங்கே 100 காஸ் புலத்தில் சுழல்கள் சுமார் 490 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு டெஸ்லாவில் 49 நானோமீட்டர். அடர்த்தி நூறு மடங்கு. சாதாரணத் திடப்பொருள் எதுவும் ஆய்வாளருக்கு இப்படி வளைந்து கொடுப்பதில்லை.

இந்தப் படிகம் உருகுமா? 1910-இல் ஃபிரெடரிக் லிண்டமன் ஒரு நாட்டு விதி சொன்னார். அணுக்களின் அதிர்வு, அண்டை அணுவுக்கு உள்ள தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எட்டினால் படிகம் உருகும். கோட்பாடு என்று சொல்லத் தகுதியில்லாத அளவுக்கு எளிமையானது. இருந்தும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. நியோபியத்திலும் ஈயக் கலவைகளிலும் இந்த விதியைப் பொருத்திப் பார்த்தால், மீக்கடத்தலே சாகும் எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால்தான் சுழல்கள் உருகும் என்று வரும். வெப்ப அலைவு எவ்வளவு வலிமையானது என்று காட்டும் கின்ஸ்பர்க் எண், பழைய மீக்கடத்திகளில் பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. அதனால் 30 ஆண்டுகள் யாரும் உருகலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1986-இல் ஜூரிக்கில் பெட்னார்ட்சும் மியூலரும் காப்பர் ஆக்சைடு மீக்கடத்திகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே யிட்ரியம் சேர்மம் 93 கெல்வினில் மீக்கடத்தியது. இவற்றில் கின்ஸ்பர்க் எண் நூறில் ஒன்றுவரை போகிறது; பழையவற்றைவிடப் பத்து லட்சம் மடங்கு. வெப்பநிலை அதிகம் என்பது ஒரு காரணம். சுழல் மையம் ஓரிரு நானோமீட்டர்தான் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் வலுவானது: இவை அடுக்கடுக்கான பொருள்கள். இவற்றுள் ஒன்றான பிஸ்மத் சேர்மத்தில் காப்பர்-ஆக்சிஜன் தளங்களுக்கிடையே இணைப்பு அவ்வளவு பலவீனம் என்பதால், ஒரு சுழல் ஒற்றைக் கோடாக நிற்பதற்குப் பதில், தளத்துக்கு ஒன்றாக வட்டத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாக அடுக்கியதுபோல் நடந்துகொள்கிறது. சிறு வெப்பம் பட்டாலும் துண்டுகள் இடம் விலகும்.

1988-இல் ஹார்வர்டின் டேவிட் நெல்சன், சுழல்கள் உருகிய திரவத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்று கணித்தார். அவர் கையாண்ட உத்தி எனக்கு எப்போதும் பிடித்தது. முப்பரிமாணத்தில் நெளிந்து செல்லும் சுழல் கோட்டை, இருபரிமாணத் தளத்தில் ஓடும் குவாண்டம் துகளின் பாதையாகப் படித்தார். கோட்டின் நீளம் காலமாகிறது, வெப்பம் குவாண்டம் நடுக்கமாகிறது. ஒரு துறையின் கணக்கை இன்னொன்றுக்குக் கடன் வாங்கிய இந்த உத்தியின்படி, சுழல் திரவம் என்பது உராய்வின்றி ஓடும் மீப்பாய்மத்தின் மறுபதிப்பு. அதே ஆண்டு பெல் ஆய்வகத்தில், காந்தப் புலத்தில் அதிரும் ஒரு சிறு படிகத்தின் அதிர்வு எங்கே தணிகிறது என்று பார்த்து, சுழல்கள் உருகுவதைக் கண்டோம் என்று அறிவித்தார்கள். உடனே எதிர்வாதம் கிளம்பியது. சுழல்கள் தம்மைப் பிடித்திருந்த குறைபாடுகளிலிருந்து வெப்பத்தால் நழுவினாலும் இதே அடையாளம்தான் தெரியும். உருகலுக்கு இது சாட்சியாகாது என்றார்கள். எதிர்த்தவர்களின் பக்கம் நியாயம் இருந்தது. நகர்வதை அளப்பது ஒன்று, நிலைமாற்றத்தை நிரூபிப்பது வேறொன்று.

நிரூபணத்துக்கு வேண்டியது வெப்ப இயக்கவியலின் சான்று: அடர்த்தியில் ஒரு குதிப்பு, உள்ளுறை வெப்பம். 1995-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எலி செல்டாவ் குழு முதல் பாதியைக் கொண்டுவந்தது. பிஸ்மத் சேர்மத்தின் ஒற்றைப் படிகத்தின்கீழ், நுண்ணிய ஹால் உணரிகளை வரிசையாக வைத்து உள்ளூர்ப் புலத்தை அளந்தார்கள். முழுப் படிகத்தையும் சேர்த்து அளந்தால் மழுங்கிப் போகும் அடையாளம், உணரியின் சிறு பரப்பில் கூர்மையாக நின்றது. வெப்பநிலையை மெல்ல ஏற்றும்போது ஓரிடத்தில் காந்தப் புலம் சட்டென உயர்ந்தது. உயர்வு ஒரு காஸைக்கூட எட்டவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத குதிப்பு. புலம் உயர்ந்தது என்றால், சுழல்கள் நெருங்கின. உருகியபோது அடர்த்தி கூடியிருக்கிறது.

இந்த வகையில் இது பனிக்கட்டிக்கு உறவு. பெரும்பாலான பொருள்கள் உருகும்போது விரிகின்றன. பனிக்கட்டி சுருங்குகிறது, அதனால்தான் நீரில் மிதக்கிறது. பனிக்கட்டியை அழுத்தினால் அதன் உருகுநிலை இறங்கும். சுழல் படிகத்தில் அழுத்தத்தின் வேலையைச் செய்வது காந்தப் புலம். அதைக் கூட்டினால் உருகுநிலை இறங்குகிறது. அடர்த்திக் குதிப்பையும் உள்ளுறை வெப்பத்தையும் இணைக்கும் கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாடு, 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக்கும் பனிக்கும் எழுதியது, குவாண்டம் சுழல்களுக்கு ஒரு திருத்தமும் இல்லாமல் பொருந்தியது. அடுத்த ஆண்டு ஆந்திரியாஸ் ஷில்லிங்கும் அவருடைய சகாக்களும் யிட்ரியம் சேர்மத்தின் சிறு படிகத்தில் மறுபாதியை அளந்தார்கள். ஒரு சுழலின் ஒவ்வொரு தளத்துக்கும், போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி உள்ளுறை வெப்பமாகத் தேவைப்பட்டது. வாதம் அத்தோடு ஓய்ந்தது.

இதன் நடைமுறைப் பொருள் கசப்பானது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் பிஸ்மத் சேர்மம் மீக்கடத்தி என்று எழுதுவதில் பிழையில்லை. எலக்ட்ரான்கள் ஜோடியாகத்தான் இருக்கின்றன. ஆனால் தளங்களுக்குச் செங்குத்தாக நூறு காஸ் அளவிலான புலம் கொடுத்தாலே அதன் சுழல்கள் உருகிவிடுகின்றன. உருகிய சுழல்கள் மின்னோட்டத்தின் தள்ளலில் ஓடுகின்றன. ஓடும் சுழல் மின்னழுத்தம் உண்டாக்கும். ஜோடிகள் உண்டு, சுழிய மின்தடை இல்லை. 1987-இல் செய்தித்தாள்கள் வாக்களித்த மலிவான காந்தங்கள் உடனே வராததற்கு உடையும் பீங்கான் தன்மை, மணிகளுக்கிடையிலான இணைப்பின் பலவீனம் என்று வேறு காரணங்களும் உண்டு. சுழல்களின் இளக்கம் அவற்றுள் முதன்மையான ஒன்று. அது செய்தித்தாளில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு சிக்கல், படிகமாக உறைந்தால் மட்டும் போதாது என்பது. குறையே இல்லாத பொருளில், சுழல் படிகம் முழுவதும் ஒரே துண்டாக நழுவி ஓடிவிடும், தடுக்க ஏதுமில்லை. அதைப் பிடித்து நிறுத்துவது பொருளின் குறைபாடுகளே. சுழல் மையத்தில் மீக்கடத்தல் ஏற்கெனவே அழிந்திருக்கிறது. அதற்கு ஆற்றல் செலவு. ஏற்கெனவே கெட்டுப்போன இடமாகப் பார்த்து மையம் உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். எனவே காந்தக் கம்பி செய்பவர்கள் தூய்மையை நாடுவதில்லை. நியோபியம்-டைட்டேனியத்தில் டைட்டேனியம் செறிந்த மெல்லிய படிவுகளை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவியின் காந்தங்கள் 8.3 டெஸ்லாவில் நிற்பது அந்தப் படிவுகளின் பிடிமானத்தில்தான். யிட்ரியம் வகை நாடாக்களில் பேரியம் சிர்க்கோனேட்டின் நானோத் தூண்களை நட்டுவைக்கிறார்கள்.

குறைபாடு பிடிக்கவும் செய்யும், ஒழுங்கைக் குலைக்கவும் செய்யும். 1970-இல் அனடோலி லார்க்கின் காட்டினார்: குறைபாடு எவ்வளவு பலவீனமானாலும், ஒழுங்கற்று விரவியிருந்தால், போதுமான தூரம் போனதும் சுழல்களின் அடுக்கு முறை கெட்டுவிடும். அப்படியானால் உறைந்த நிலை உண்மையில் என்ன? 1989-இல் மேத்யூ ஃபிஷர் அதைச் சுழல் கண்ணாடி என்றார். அடுக்கு முறை இல்லை, ஆனால் ஒவ்வொரு சுழலும் தன் இடத்தில் சிறைப்பட்டிருக்கிறது; மின்னோட்டம் சிறிதாகச் சிறிதாக அது தாண்டவேண்டிய தடுப்பு வரம்பில்லாமல் உயர்கிறது. உண்மையான சுழிய மின்தடை அங்கேதான். 1990-களின் நடுவில் ஜியமார்க்கியும் லெ துசாலும் இடைப்பட்ட ஒன்றைக் கண்டார்கள். குறைபாடு பலவீனமாக இருந்தால், ஒழுங்கு மெல்ல மெல்லத் தேயும், ஆனால் அடுக்கில் அறுந்த வரிசைகள் எங்கும் தோன்றாது. நியூட்ரான் சிதறலில் படிகத்துக்குரிய கூர்முனைகளை அது காட்டும், குணத்தில் கண்ணாடி. பிராக் கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். 2001-இல் நியூட்ரான் ஆய்வு அதன் இருப்புக்குச் சாட்சி சொன்னது. படிகம் என்று 1967-இல் படமெடுத்துக் கொண்டாடிய பலவற்றைக் கறாராகச் சொன்னால் இந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்.

ஒழுங்குக்கும் பிடிமானத்துக்கும் நடக்கும் இந்த இழுபறியின் விசித்திரமான விளைவு ஒன்று உண்டு. மீக்கடத்தி தாங்கும் உச்ச மின்னோட்டம் புலம் கூடக்கூடக் குறைந்துகொண்டே வரவேண்டும். எல்லையில் சுழியமாக வேண்டும். பல பொருள்களில் அப்படித்தான் குறைகிறது. ஆனால் எல்லையை நெருங்கும் தறுவாயில் சட்டென்று மேலே ஏறி, ஒரு முகடு காட்டி, பிறகு விழுகிறது. சாகும் நேரத்தில் பலம் வருகிறது. இதற்குக் கேம்பிரிட்ஜின் பிரையன் பிப்பார்டு 1969-இல் சொன்ன காரணம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. மேடுபள்ளமான சரளைக் கல்லின்மேல் பலகையை வைத்தால் நாலைந்து கற்களில் மட்டும் தொட்டு நிற்கும். இழுத்தால் எளிதாக வரும். ஈரத்துணியை விரித்தால் ஒவ்வொரு கல்லிலும் படிந்துவிடும், இழுப்பது பாடு. விறைப்பான சுழல் படிகத்தால் குறைபாடுகளுக்கு ஏற்ப வளைய முடியாது. எல்லையை நெருங்கும்போது அதன் விறைப்பு, குறைபாடுகளின் பிடியைவிட வேகமாகத் தளர்கிறது. தளர்ந்த சுழல்கள் தமக்கு வசதியான குறைபாட்டை ஆளுக்கொன்றாகத் தேடிக்கொள்கின்றன. ஒழுங்கு போகிறது, பிடி இறுகுகிறது.

இந்த முகட்டைத் துருவியதில் மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நியோபியம் டைசெலினைடு என்ற, கிட்டத்தட்டக் குறையே இல்லாமல் வளரும் படிகத்தில், 1996-இல் அங்குள்ள குழுவும் பிற நிறுவன சகாக்களும் சேர்ந்து, முகடு இரண்டு இடங்களில் வருவதைக் கண்டார்கள். புலம் மிக அதிகமானால் படிகம் தளர்கிறது. மிகக் குறைந்தாலும் தளர்கிறது. குறைந்த புலத்தில் சுழல்கள் தொலைவில் நிற்பதால் ஒன்றின் விலக்கம் இன்னொன்றுக்கு எட்டுவதில்லை. அடர்த்தி குறைந்தாலும் உருகலாம் என்று நெல்சன் முன்பே சொல்லியிருந்தார். அந்த 1996 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான கௌதம் மேனன், பிறகு சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து, குறைபாடுள்ள பொருள்களின் நிலை வரைபடம் முழுவதும் எப்படி அமையவேண்டும் என்று ஒரு வாதத்தை முன்வைத்தார். படிகத்துக்கும் திரவத்துக்கும் நடுவே, பல துண்டுகளாகச் சிதறிய கண்ணாடி ஒன்று மெல்லிய பட்டையாக எப்போதும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்தாலும் அது மறைவதில்லை என்பது அதன் சாரம்.

முகட்டுப் பகுதியில் அளவீடுகள் ஆளை அலைக்கழித்தன. இப்போது அளந்த மின்னழுத்தம், சற்று முன்பு மின்னோட்டத்தை எந்தத் திசையில், எவ்வளவு நேரம் செலுத்தினோம் என்பதை நினைவில் வைத்திருந்தது. சுழல்கள் புதுவிதப் பொருளாகிவிட்டனவோ என்றுகூடச் சந்தேகம். வைஸ்மன் குழு 2000-இல் விடையைப் படிகத்தின் ஓரத்தில் கண்டுபிடித்தது. மின்னோட்டத்தால் தள்ளப்படும் சுழல்கள் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறுகின்றன. ஓரம் கரடுமுரடானது, அதன் வழியே நுழையும் சுழல்கள் குலைந்தே உள்ளே வருகின்றன, போகப்போகத்தான் ஒழுங்குக்கு வருகின்றன. சோதிக்கும் முறை அழகானது. வட்டத் தகட்டின் மையத்திலிருந்து விளிம்புக்கு மின்னோட்டத்தை ஆரங்களாகப் பாய்ச்சினால், சுழல்கள் விளிம்பைக் கடக்கவே வேண்டியதில்லை. மையத்தைச் சுற்றி வட்டமிடும். அப்படிச் செய்ததும் நினைவாற்றல் காணாமல் போனது; மங்கலாகத் தெரிந்த மாற்றம் கூர்மையான கோடாகச் சுருங்கியது.

அடுத்த ஆண்டு அதே நிறுவனத்திலிருந்து இன்னொரு முடிவு. குளிர்ந்த பிஸ்மத் படிகத்தில் சுழல்கள் குறைபாடுகளில் மாட்டிக்கொண்டு சமநிலைக்கு வருவதில்லை. பக்கவாட்டில் ஒரு சிறு மாறுதிசைப் புலம் கொடுத்து அவற்றைக் குலுக்கியபோது, மறைந்திருந்த நிலைமாற்றக் கோடு வெளிப்பட்டது. கோட்டின் சாய்வு தலைகீழ். அங்கே வெப்பத்தைக் கூட்டினால் சுழல்கள் ஒழுங்கு பெறுகின்றன, குளிர்வித்தால் குலைகின்றன. காரணம், குளிரில் குறைபாடுகளின் பிடி ஓங்குகிறது. சுழல்கள் ஒழுங்கை விட்டு ஆளுக்கொரு குழியில் முடங்குகின்றன. முடங்கிய கூட்டத்துக்கு அசைய இடமில்லை என்பதால் என்ட்ரோபி குறைவு. ஒழுங்காக நிற்கும் படிகம் தன் இடத்தில் தாராளமாக அதிர்கிறது. ஒழுங்கு என்றால் குறைந்த என்ட்ரோபி என்று வகுப்பில் சொல்லித்தருவது எப்போதும் செல்லாது. ஹீலியம்-3 திடத்திலும் இப்படி ஒரு முறைபிறழ்வு உண்டு, இருந்தாலும் அரிது.

மெல்லிய படலங்களுக்கு வந்தால் உருகலே வேறு விதம். இருபரிமாணப் படிகம் ஒரே படியில் உருகவேண்டியதில்லை. படிகத்துக்கு இரண்டு ஒழுங்குகள் உண்டு: சுழல்கள் நிற்கும் இடங்களின் ஒழுங்கு, அண்டை சுழல்களை நோக்கிய திசைகளின் ஒழுங்கு. கோஸ்டர்லிட்ஸ், தவுலஸ் இருவரும் தொடங்கி, ஹால்பெரின், நெல்சன், யங் ஆகியோர் 1970-களின் கடைசியில் முடித்துவைத்த கோட்பாட்டின்படி, முதலில் இடங்களின் ஒழுங்கு போகும். ஐந்து அண்டையர் உள்ள சுழலும் ஏழு அண்டையர் உள்ள சுழலும் ஒட்டியிருக்கும் குறைகள் தனித்தனியே உலவத் தொடங்கும்போது அது நடக்கிறது. திசைகளின் ஒழுங்கு எஞ்சியிருக்கும் இந்த நடுநிலைக்கு ஹெக்சாடிக் பாய்மம் என்று பெயர். அந்த ஐந்தும் ஏழும்கூடப் பிரிந்துபோனால்தான் முழுத் திரவம்.

2009-இல் மாட்ரிட் குழு டங்ஸ்டன் அடிப்படையிலான படலத்தில் சுழல்கள் உருகுவதை வருடு ஊடுபுழை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. 2019-இல் மும்பையில் பிரதாப் ராய்சௌதுரியின் குழு, படிகமற்ற மாலிப்டினம்-ஜெர்மேனியம் படலத்தில் ஹெக்சாடிக் நிலையைக் காட்டியது. இந்தப் படலத்தில் குறைபாடுகள் வலுவற்றவை. சுழல்களைப் பிடித்து வைப்பதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்தபோது, நடுநிலையில் அறுகோணத் திசைகள் கலையவில்லை. ஆனால் சுழல்கள் மெல்ல ஊர்ந்து இடம் மாறியிருந்தன. மின்தடை அளவீடும் இதே எல்லைகளைக் காட்டியது. கண்ணால் பார்த்ததும் கம்பியில் அளந்ததும் ஒரே கதையைச் சொல்வது இந்தத் துறையில் அடிக்கடி கிடைக்கும் அதிர்ஷ்டம் அல்ல.

இப்போது கேள்வி வெப்பத்தை விட்டு விலகிவிட்டது. சாதாரண அழுத்தத்தில் ஹீலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாது. வெப்பம் முழுதும் போன பிறகும் எஞ்சும் குவாண்டம் நடுக்கமே அதை உருகிய நிலையில் வைத்திருக்கும். மெல்லிய படலத்தில் சுழல்களும் அப்படி இருக்குமா? பல படலங்கள், எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையிலும் புலத்தில் சிறிதளவு மின்தடையை மிச்சம் வைத்திருந்தன. குவாண்டம் நடுக்கத்தால் உருகிய சுழல்கள் என்றும், புதுவகை உலோக நிலை என்றும் விளக்கங்கள் குவிந்தன. 2019-இல் இந்தியம் ஆக்சைடு, நியோபியம் டைசெலினைடு படலங்களில் ஒரு குழு, அளவீட்டுக் கம்பிகளில் நல்ல வடிகட்டிகளைப் பொருத்திப் பார்த்தது. வெளியிலிருந்து கம்பி வழியே வரும் ரேடியோ அலைகள் தடுக்கப்பட்டதும் மிச்ச மின்தடை மறைந்தது. மும்பைக் குழுவும் தன் மாலிப்டினம்-ஜெர்மேனியம் படலத்தில் வெளி அலைகளுக்கு இதே கூச்சத்தைக் கண்டது. பிடிமானம் இல்லாத சுழல்களை உலுக்க, கட்டடத்தைச் சூழ்ந்திருக்கும் அலைகளே போதுமாக இருந்திருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் வடிகட்டி துடைத்துவிடவில்லை. அதே படலத்தில் ஒரு சுழலின் நட்ட நடுவே நுண்ணோக்கியின் முனையை நிறுத்தினால், சாதாரண உலோகத்தின் அடையாளம் கிடைக்க வேண்டும். 2021-இல் வெளியான அளவீட்டில், மீக்கடத்தலின் ஆற்றல் இடைவெளி அங்கேயும் மங்கலாகத் தென்பட்டது. சுழல் தன் இடத்தில் நுண்ணோக்கியால் பிடிக்க முடியாத வேகத்தில் நடுங்குகிறது, முனை பார்ப்பது அதன் சராசரியை என்று கொண்டால் கணக்கு ஒத்துவருகிறது. அந்த நடுக்கம் எந்தப் புலத்தில் லிண்டமன் சொன்ன பத்தில் ஒரு பங்கைத் தாண்டும் என்பதுதான் அடுத்து அளக்க வேண்டியது, இந்த முறை வடிகட்டிகளோடு.